போயாவுக்கு மறுநாள்

ரேஸ் புத்தகத்தில் அவளுக்கு
ஒரு முழ நீளத்தில் இங்கிலீஷ் பெயர்.
நுவரெலியாவில் நாலு தடவை ஓடி
நாலு தடவையும் கடைசியாய் வந்தபின்
மட்டக்குளியில் லொறியிலிருந்து இறங்கினாள்.
நாங்கள் மிஸ் என்று கூப்பிட்டோம்.
வீட்டுப்பாடம் செய்யாதவனைப் பார்க்கும் பார்வை
அவளுக்கு.

இரண்டு நாள் மழை, மூன்றாம் நாள் போயா.
வேலை இல்லை, கட்டிய இடத்திலேயே நின்றாள்.
ஓட்ஸ் டின்னை நான் குறைக்கவில்லை.
பாவம், லீவிலாவது
வயிறாரத் தின்னட்டும் என்று
ஒரு கை கூடப் போட்டேன்.
இதை யாரிடமும் இன்னும் சொல்லவில்லை.

மறுநாள் பின்னேரம் வெள்ளவத்தை.
மாப்பிள்ளை சாரட்டில்தான் வரவேண்டுமாம்.
காலி வீதியின் ஹோர்ன்களுக்கு நடுவே
தலை நிமிர்த்தி நன்றாய்த்தான் போனாள்.
கடல்பக்க ஒழுங்கைக்குள் திரும்பும்போது
பின்கால்கள் சுருங்கின.
குட்டை நடை.
பிறகு அதுவும் இல்லை.
உப்புக்காற்றிலும் வேர்த்து ஒழுகினாள்.
தொடைக்கு மேலே கை வைத்தேன்:
சதை இல்லை, பலகை.

"நடத்து" என்றார் ரொட்ரிகோ மாத்தையா,
"நடந்தால் இளகும்."
மற்ற நாளென்றால் அது சரிதான்.
ஓடிய களைப்பில் பிடித்துக்கொண்ட தசைக்கு
நானும் அதைத்தான் செய்வேன்:
கயிற்றில் பத்து நிமிஷம் மெல்ல நடை,
குழாய்த் தண்ணீர்,
உள்ளங்கையை அழுத்தி வால்வரை நீவல்.
ஆனால் மிஸ் தார் ரோட்டில் மூத்திரம் பெய்தாள்.
பிளேன்டீ நிறம்.

போனில் டொக்டர் நஸீஹா கேட்டது ஒன்றே ஒன்று,
என்ன நிறம்?
பிறகு சொன்னார்:
"ஒரு அடி எடுக்க விடாதீங்க மெற்றில்டா.
இப்ப நடந்தா உள்ளுக்குக் கிழியும்."

கடிவாளத்தைப் பிடித்து அவள் முன்னால் நின்றேன்.
சாரட்டின் பின்சக்கரம் இன்னும் காலி வீதியில்.
நூறாம் நம்பர் பஸ் விடாமல் அடித்தது.
மாத்தையா சிங்களத்தில் கத்தினார்,
பிறகு தமிழில் கத்தினார்.
பதினொரு வருஷத்தில் முதல் தடவை
நான் கேட்கவில்லை.
மாப்பிள்ளை வேட்டியைச் சுருட்டிப் பிடித்து
த்ரீவீலில் ஏறிப் போனார்,
தலைப்பாகை கூரையில் முட்டியதால்
அது மடியில்.

டொக்டர் ஸ்கூட்டரில் வந்தார், தெஹிவளையிலிருந்து.
ஊசி, ஒரு குழாய் இரத்தம்,
சாரட்டின் விளக்குக் கம்பியில் சேலைன் பை.
மேல்வீட்டு ஜன்னலிலிருந்து
பெயர் தெரியாத ஒரு பெண்
வயரோடு டேபிள் ஃபேனை இறக்கினாள்.
அது மிஸ்ஸைப் பார்த்துத் தலையாட்டியது,
என்னைப் பார்த்துத் தலையாட்டியது,
திரும்பவும் மிஸ்ஸை.

இரவு.
மண்டபத்தில் நாதஸ்வரம் முடிந்து
டீஜே தொடங்கி அதுவும் முடிந்தது.
பாணந்துறைக் கடைசி ரயிலுக்கு
அவள் ஒரு காதை மட்டும் திருப்பினாள்.
எனக்கு லஞ்ச் ஷீட்டில் பந்திச் சோறு வந்தது.
அவளுக்குக் காய்ந்த புல்லும் வாளித் தண்ணீரும்.
ஓட்ஸ் எங்கே என்று
என் சட்டைப்பையை முகர்ந்தாள்.
நான் கையை அவள் பின்தொடையிலிருந்து எடுக்கவில்லை.
தடவவில்லை, அமுக்கவில்லை,
இளகுகிறதா என்று வைத்திருந்தேன்.
எப்போது இளகியதென்று சொல்லத் தெரியாது.
கல்போலக் கிடக்கும் மா
தண்ணீர் இழுத்து இணங்கி வருவதுபோல,
நான் தூங்கி விழுந்த ஏதோ ஒரு கணத்தில்.

விடிய நாலரைக்கு அடுத்த மூத்திரம்.
டொக்டர் டோர்ச் அடித்துக் குனிந்தார்.
இஞ்சி போட்ட பிளேன்டீ, பால் நீர் இல்லை இன்னும்,
ஆனால் வெளுக்கிறது.
அதற்குப் பிறகுதான் மிஸ்
இடது பின்காலை மடித்து
குளம்பின் நுனியை மட்டும் நிலத்தில் ஊன்றினாள்.
வலி உள்ள குதிரை அப்படி நிற்காது.

மாத்தையா தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து
ஏன் வந்தது இது என்று கேட்டார்.
சும்மா நின்றது, திடீர் வேலை, என்றார் டொக்டர்.
சும்மா நிற்கிற நாளில் தீனியைப் பாதியாக்க வேண்டும்.
பிறகு என் பக்கம் திரும்பி,
"போயாவுக்கு எவ்வளவு போட்டீங்க?"

"வழமையானதுதான்" என்றேன்.

அந்தக் கை
இன்னும் அவள் மேல் இருந்தது.